கடலுக்கு முதுகு காட்டிய விளக்கு

உடன்படிக்கையின் ஆறாம் பிரிவு: விளக்கு எப்போதும் கடலை நோக்கியே எரிய வேண்டும், திசையை மாற்றுவதானால் மீனவர் சங்கத்தின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் ஆயுள் முழுக்க இப்படிப்பட்ட பிரிவுகளை எழுதியவன் என்பதால் சங்கம் கேட்க இதையும் நானே எழுதினேன். கம்பனி படிக்காமலே கையொப்பமிட்டது.

நண்டு வாங்கி ஏற்றுமதி செய்யும் தனியார் கம்பனி அது. இருட்டில் திரும்பும் படகுகள் உடைந்த துறைமேடையின் கொங்கிறீட் கட்டைகளில் மோதாதிருக்க, எங்கள் ஊரான ஓலைத்தொடுவாயின் கரையில் சூரிய விளக்கு ஒன்றை நட்டது. திறப்பு விழாவில், கம்பத்தடியில் நின்ற பெயர்ப்பலகைக்கு வெளிச்சம் போதாது என்றார் படம்பிடித்தவர். விளக்கை வீதிப் பக்கம் திருப்பி, பலகைமேல் கவிழ்த்துப் படமெடுத்தார்கள். அப்படியே விட்டுப் போனார்கள்.

என் தம்பியின் படகு அந்தக் கட்டையில் மோதிப் பிளந்தது. அவன் கால் முறிந்தது.

நாங்களே விளக்கைத் திருப்புவோம் என்று சங்கத் தலைவரிடம் சொன்னேன்.

"அண்ணை, திருப்பலாம். பிறகு அவங்கள் கோவிச்சால் எங்கட நண்டை ஆர் வாங்கிறது?"

கம்பனிக்குப் பதிவுத்தபாலில் எழுதினேன். மறுமொழி இல்லை. நேரில் போனபோது முகாமையாளர் தேநீர் தந்து விளக்கினார்: சமூகப் பொறுப்புக்கான நிதி புதிய திட்டங்களுக்கு மட்டுமாம், பழையதைத் திருத்துவது அதில் அடங்காதாம். அதாவது, திருத்த வேலையைப் படமெடுக்க முடியாது.

அந்தக் கம்பனி சமூகப் பொறுப்புக்கான விருதொன்றுக்கு விண்ணப்பித்திருப்பதாகப் பிறகு அறிந்தேன். தெரிவுக்குழுவுக்கு மிகப் பணிவாக எழுதினேன்: விளக்கால் மீனவர் பெறும் பயனைப் பொழுதுபட்டபின் கடலிலிருந்து பார்ப்பதே பொருத்தம். குழு ஒப்புக்கொண்டது. முகாமையாளர் மகிழ்ந்துபோய்த் தானும் வந்தார்.

பக்கத்து ஊரான பேசாலையில் மைத்துனரின் படகை இரவல் வாங்கி, கட்டுப்போட்ட காலை நீட்டியபடி தம்பியே ஓட்டினான். என் கடிதங்களைப் படித்திருந்தால் முகாமையாளருக்கு அந்தக் கால் யாருடையதென்று தெரிந்திருக்கும். நன்றாக இருண்டபின் தம்பி இயந்திரத்தை நிறுத்தினான்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?" என்று கேட்டார் முகாமையாளர்.

"கரை எந்தப் பக்கமெண்டு காட்டுங்கோ சேர், போறன்."

எங்கும் ஒரே இருட்டு. குழுவில் வந்த அம்மையார் முகாமையாளரிடம் விளக்கு எங்கே என்று கேட்டார்.

"அது றோட்டைப் பாத்துக்கொண்டு நிக்குது, மடம்," என்றான் தம்பி. "காரில வந்திருந்தால் வடிவாத் தெரிஞ்சிருக்கும்."

முகாமையாளரின் முகத்தைப் பார்க்க அப்போது எனக்கு மட்டும் ஒரு விளக்குத் தேவைப்பட்டது. தம்பி கைவிளக்கைக் கொளுத்திப் பத்திரமாகக் கரை சேர்த்தான்.

விருது வேறு யாருக்கோ போனது. மறுவாரமே விளக்கு கடலைப் பார்த்தது. பலகை இப்போது இருட்டில் நிற்கிறது. அதற்குத் தனியாக ஒரு சின்ன விளக்குப் போட கம்பனி சங்கத்திடம் சம்மதம் கேட்டிருக்கிறது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, சங்கத்துக்காகப் பரிசீலிப்பவன் நான். எனக்கு அவசரமில்லை.

என் முதற்கடிதத்துக்கும் மறுமொழி வந்தது: கம்பனியின் சமூக அக்கறையின் தொடர்ச்சியாக விளக்கின் திசை சீர்செய்யப்பட்டதாம். அது வந்தது, தம்பி ஊன்றுகோலோடு கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு திரும்பிய விபூதிப் புதன்கிழமை, கத்தோலிக்கர் தம் பிழைகளுக்கு மனம்வருந்தும் நாளில்.