பட்டு வேட்டியும் குதிரை வண்டியும்

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு ஆறு முறை போயிருந்தோம். ஆனால் அந்த மாநிலத்தில் எங்களுக்குத் தெரிந்திருந்தது கோயிலும் அதன் பார்க்கிங்கும்தான். கும்பிடுவோம், கட்டிக்கொண்டு போன புளிச்சாதத்தைச் சாப்பிடுவோம், திரும்புவோம்.

போன கோடையில் நானும் கணவரும் மகளும் போகும்போது, நெடுஞ்சாலையில் நெரிசல் என்று கிராமப் பாதையில் இறங்கினோம். பெற்றோல் இன்னும் முப்பத்தெட்டுக் கிலோமீற்றருக்குத்தான் என்றது கார். அடுத்த ஊர் 25 என்றது வீதிப் பலகை.

“இஞ்சையே பெற்றோல் அடிப்பமே?” என்று வழியோரப் பெற்றோல் நிலையத்தைக் காட்டிக் கேட்டேன்.

“உது காணும், இருபத்தைஞ்சுக்குப் போதும். பேசாமல் இரும்” என்றார் கணவர்.

அமெரிக்காவில் பலகை மைலில் இருக்கும், 25 மைல் என்றால் நாற்பது கிலோமீற்றர் என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஊர் வருவதற்குள் சோளக்காட்டு நடுவில் கார் நின்றுவிட்டது. போனில் சிக்னலும் இல்லை. எனக்கு அழுகையே வந்தது.

அப்போது ஒரு குதிரை வண்டி வந்தது. கார் வைத்துக்கொள்ளாத ஆமிஷ் மக்கள், ஒரு தாடிக்காரரும் அவர் மனைவியும். தாடிக்காரர் கணவரின் பட்டு வேட்டியைப் பார்க்க, கணவர் அவருடைய வைக்கோல் தொப்பியைப் பார்க்க, இருவரும் சிரித்துவிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டி, கணவர் அந்த வண்டியிலேயே பெற்றோல் வாங்கப் போனார். தாடிக்காரரின் மனைவி எனக்கும் மகளுக்கும் பக்கத்திலிருந்த தங்கள் பழங்காலக் கல்வீட்டையும், ஆற்றின் மேல் கூரை போட்ட சிவப்பு மரப்பாலத்தையும் காட்டினார். என் புளிச்சாதத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

இப்போது எல்லை தாண்டுமுன் டாங்க்கை நிரப்புகிறோம். ஊரையும் பார்க்கவென்று கோயில் பயணத்துக்கு ஒரு நாள் கூடுதலாக லீவு எடுக்கிறோம். போன கிழமை கோயிலுக்குப் புறப்பட்டுப் பெற்றோல் அடிக்கும்போது மகள் பின்சீட்டிலிருந்து கத்தினாள்:

“அப்பா, ஃபுல்லா அடிக்காதேங்கோ. ஹாஃப் காணும்!”