சூரியன் எங்கக்கா?

லேஆஃபில் வேலை போன பிறகு பிளசன்டன் வீட்டில் உட்கார்ந்து ரெஸ்யூமே அனுப்பி அலுத்துப்போய், கேமராவையே தொழிலாக்கிக்கொண்டேன். முதல் ஆர்டர், விமானத்தில் போகும் தூரத்திலிருக்கும் ஃபிரிஸ்கோவிலிருந்து வந்தது. அங்கே புதுவீடு கட்டியிருந்த கவிதா போனில் சொன்னாள்:

"அக்கா, கிரகப்பிரவேசத்துக்கு நீங்கதான் ஃபோட்டோ. அப்புறம் ஹாலுக்குப் பெருசா ஒரு பிரிண்ட் வேணும். பனி மலை, சன்ரைஸ். வாஸ்துக்காரர் வெஸ்ட் வால்ல மலைப் படம் மாட்டச் சொல்லிட்டார். ஸ்கூல்ல வரைவோமே, ரெண்டு மலை, நடுவுல சூரியன்? அது மாதிரி."

அதை வரையாதவர் யார்? மலையே இல்லாத தஞ்சாவூரில் நானும் பக்கம் பக்கமாக வரைந்தவள்தான். சரி என்றுவிட்டேன். இது நன்றாக அமைந்தால் இன்னும் நாலு ஆர்டர் வரும். இல்லாவிட்டால் மறுபடி ரெஸ்யூமேதான்.

ஈஸ்டர்ன் சியரா மலைப் பகுதியில் விடியும் முன்பே பனியில் ட்ரைபாட் நட்டு, கிழக்கே இரண்டு மலைகளுக்கு நடுவில் குறிவைத்துக் காத்திருந்தேன். விரல்கள் மரத்துப்போயின. ஸ்பேர் பேட்டரி குளிரில் இறங்கிவிடாமலிருக்க ஸ்வெட்டருக்குள் இருந்தது. வானம் வெளுத்தது. மலை இரண்டும் கரிக்கட்டையாக நின்றன. கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை, எக்ஸ்போஷரை, கூட்டினால் வானம் வெளிறியது. குறைத்தால் பனி இருப்பதே தெரியவில்லை. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் மலை வேறு எப்படித் தெரியும்? டிராயிங் நோட்டில் இந்தச் சிக்கல் வந்ததேயில்லை.

எரிச்சலோடு திரும்பினேன். அதுவரை எனக்குப் பின்னாலிருந்த மேற்கு மலையின் உச்சிப் பனி முழுக்க, கிழக்கு வெளிச்சம் பட்டு ரோஜா நிறம். ட்ரைபாடோடு கேமராவைத் திருப்பினேன். அந்த நிறம் சீக்கிரமே வெளுத்துவிட்டது. அதற்குள் எடுத்தது எடுத்ததுதான்.

படத்தை அனுப்பியதும் கவிதா கூப்பிட்டாள்.

"சூப்பரா இருக்கு. ஆனா சூரியன் எங்கக்கா?"

"எனக்குப் பின்னாடி இருந்துச்சும்மா."

"அப்ப ஃபோட்டோஷாப்ல ஒண்ணு ஆட் பண்ணிடுங்களேன்."

"பண்ணினா பொய்யாத் தெரியும்மா. மாட்டிப் பாரு. பிடிக்கலேன்னா நானே திருப்பி எடுத்துக்கறேன்."

வீம்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, ஃபிரிஸ்கோ போய்ச் சேரும்வரை, திரும்பி வந்தால் அவ்வளவு பெரிய பிரிண்டை எங்கே வைப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிரகப்பிரவேசம் விடியற்காலை முகூர்த்தம். ஹோமப் புகைக்குக் கத்தாமலிருக்க ஸ்மோக் அலாரத்துக்கு ஷவர் கேப் மாட்டியிருந்தார்கள். கவிதா, மேற்குச் சுவரில் மாட்டியிருந்த என் படத்தின் பக்கம் பார்க்கவேயில்லை. அவள் பார்க்காததை நான் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். பால் பொங்கி முடிந்த சமயம், கிழக்கு ஜன்னல் வழியாக இளவெயில் உள்ளே வந்து எதிர்ச்சுவரில் இருந்த படத்தின் மேல் விழுந்தது. பனி மலை, அன்று நான் பார்த்த அதே நிறத்துக்கு வந்தது.

கவிதா படத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

"அக்கா, சூரியன் இப்ப நமக்குப் பின்னாடி இருக்கு!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்றிலிருந்து, மலைப் படம் வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "உங்க ஹால்ல ஜன்னல் எந்தப் பக்கம்?"