ஊருணியில் ஒரு கூடை மண்

காலை ஐந்தே முக்காலுக்குத் திருச்சியில் ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு, புதுக்கோட்டை வரை முப்பத்துமூன்று மைல், ஒன்பதணா. யுத்த காலத்தில் உட்கார இடம் கிடைத்ததையே பெரிய பாக்கியமாகச் சொல்ல வேண்டும். திருமயம் கோட்டையைப் பார்க்கப் புறப்பட்டவன் நான். பள்ளிக்கூட வாத்தியாருக்கு லீவு நாளில் வேறென்ன வேலை?

பையில் இரண்டு காகிதக் கட்டுகள் இருந்தன. ஒன்று, வரும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம். எங்கள் சபைப் போதகர் ஊரில் இல்லாத வாரங்களில் அந்தப் பாரம் என் தலையில்தான் விழும். லெந்து என்கிற உபவாச காலமாகையால் மனந்திரும்புதலைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதியிருந்தேன். முடிவு மட்டும் வருவேனா என்றது. மற்றது என் தம்பியின் கடிதம். அப்பா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் எட்டிப் பார்க்காதவன், அவரை அடக்கம் செய்த பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தான். அது வந்து ஆறு மாதம் ஆகிறது. திருந்தியவன் முதலில் அதை நடத்தையில் காட்டட்டும், பிறகு பார்க்கலாம் என்று பதில் போடாமல் வைத்திருந்தேன்.

எட்டரை மணிக்குப் புதுக்கோட்டை. கயிறு பிடித்து அடித்தாற்போல நேர் நேரான தெருக்கள். காப்பிக் கடையில் மீதிச் சில்லறையாகச் சமஸ்தானத்து அம்மன் காசு ஒரு பிடி தந்தார்கள். பொடிப் பொடியான செப்புக் காசு. திருச்சியில் யாரும் வாங்கமாட்டார்கள், பிள்ளைகள் விளையாட ஆகும் என்று முடிந்துகொண்டேன்.

ஒன்பதே காலுக்குத் திருமயம் பஸ். பன்னிரண்டு மைல், நாலணா. பெட்ரோல் கிடைக்காததால் வண்டியின் பின்னால் ஒரு கரியடுப்பைக் கட்டி அதன் புகையில் ஓட்டுகிறார்கள். ஓட்டுகிறார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. எட்டாவது மைல் கல்லருகே வண்டி நின்றேவிட்டது. டிரைவர் முகமெல்லாம் கரியோடு வந்தார்.

"குழாய் அடைச்சிருச்சுங்க. கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டணும். மூணு மணிக்கு முன்னாடி கெளம்பாது. அங்கிட்டுத் தண்ணிப் பந்தல் இருக்கு, போயி உக்காருங்க."

நாலு பனங்கால், மேலே ஓலை, கீழே மணல் பரப்பி மூன்று பானை. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் ஓடி ஓடி ஊற்றிக்கொண்டிருந்தார். பெயர் கருப்பையா. ஏழு வருஷமாக இந்தப் பந்தலை வைத்திருக்கிறாராம். எனக்கு ஊற்றும்போது அவர் கண் கிழக்கே போய்விட்டது. செம்பிலிருந்து பாதித் தண்ணீர் என் சட்டையில் விழுந்தது.

"உடம்புக்கு ஆகலையா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. இன்னிக்கி எங்க ஊருல ஊருணி தூர் வாருறாக. என்னைய வரலாம்னு சொல்லிவிட்டிருக்காக."

இதில் கலங்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். அங்கே ஊருணி என்றால் குடிதண்ணீர்க் குளம். அதில் மாடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மனிதர் கால்கூட நனையக் கூடாது. அதற்கென்று ஒரு காவல்காரர் உண்டு. ஏழு வருஷத்துக்கு முன் ஒரு கடுங்கோடையில், காவல்காரர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கருப்பையா தன் உழவு மாடுகளை உள்ளே இறக்கிவிட்டார். கலங்கிய தண்ணீரையும் குளம்புத் தடத்தையும் பார்த்த ஊர், காவல்காரர் வெள்ளையன் தூங்கிவிட்டார் என்று முடிவு கட்டியது. கூட்டத்தில் கருப்பையாவும் உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை. வெள்ளையன் அவமானம் தாங்காமல் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போய்விட்டார்.

"ரெண்டு மாசம் தூக்கமில்லாமக் கெடந்து, அப்பறமா நாந்தேன் செஞ்சேன்னு அம்பலகாரர்ட்டப் போயிச் சொன்னேன். சொல்லி என்ன செய்ய, கப்பலு போயிருச்சு. இப்பச் சண்டை வந்தப்பறம் காயிதமும் இல்ல."

ஊருணியில் கை வைக்கக் கூடாது என்று ஊர் அவரை விலக்கியது. அதன் பிறகு வைத்ததுதான் இந்தப் பந்தல், கிணற்றிலிருந்து சுமந்து வருகிற தண்ணீர். இந்த வருஷம் ஊர்த்தலைவரான அம்பலகாரர் மனமிரங்கி வரச் சொல்லியிருக்கிறார். ஆனால் வெள்ளையன் மனைவி செல்லம்மை சொல்வதுதான் முடிவாம்.

"ஒத்தையில போகக் காலு வரமாட்டேங்குது. நீங்க சும்மா கூட வாரீங்களா?"

கண்டக்டரிடம் பானைகளை ஒப்படைத்துவிட்டு இருவரும் நடந்தோம். கிழக்கே ஒரு மைல். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை.

உச்சி வேளைக்குப் போய்ச் சேர்ந்தோம். யார் என்று கேட்டவர்களிடம் திருச்சி வாத்தியார் என்றேன். கரைக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஊருணிக்குள் மனிதர் கால் படலாம். வீட்டுக்கு ஒரு கூடை என்று அறுபது எழுபது பேர் இறங்கியிருந்தார்கள். கூலி கிடையாது, மேஸ்திரி கிடையாது, அதட்டல் கிடையாது. வேலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் திருச்சியில் ஒரு சாக்கடை அடைத்தால் மூன்று மனு போட வேண்டும். நான் உண்மையிலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஈர மண் ஒரு கூடை நிரம்பிவிட்டால் எப்பேர்ப்பட்டவனும் அதைத் தானே தன் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரே ஒருவர் நின்று மறுபக்கம் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அங்கே எல்லாரும் எல்லாருக்கும் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்பலகாரர் ஒரு கூடையைக் காட்டினார். கருப்பையா இறங்கி மண்ணை நிரப்பினார். நிமிர்ந்தார். எதிரே யாரும் வரவில்லை.

தானே தூக்கப் பார்த்தார். முழங்காலுக்கு ஏற்றி, மார்புக்குக் கொண்டுபோனபோது கூடை சரிந்து மண் முழுவதும் அவர்மேல் கொட்டியது. மறுபடி நிரப்பினார். மறுபடியும் கொட்டியது. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அம்பலகாரர் கையால் தடுத்துவிட்டார். மூன்றாம் தடவை நிரப்பிவிட்டுத் தலை குனிந்து அப்படியே நின்றார் கருப்பையா.

மேல் படியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். அவள்தான் செல்லம்மை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மண்வெட்டிகளெல்லாம் நின்றுவிட்டன.

"ரோட்டுல தண்ணி ஊத்துறீங்களாமே."

"ஆமாத்தா."

"அதுக்காகச் சேத்துக்கிறோம்னு நெனச்சுக்கிறாதீங்க. அது தாகத்துக்குக் குடிச்சவுகளுக்கு. எங்களுக்கில்ல."

"தெரியும்த்தா."

"எங்க வீட்டுக்காரர் வந்தா நீங்களே அவுகளுக்கு நேரா நின்னு சொல்லணும்."

"சொல்றேன்."

அவள் கூடையைப் பார்த்தாள். "மழைக்கு முன்னால இம்புட்டு மண்ணையும் அள்ளியாகணும். நிக்கிறதுக்கா வந்தீங்க? குனிங்க."

அவள் ஒரு பக்கம் பிடித்தாள். கூடை ஏறிவிட்டது. முகத்தில் வழிந்த சேற்றோடு அழுதுகொண்டே அவர் படியேறினார். வெறுங்கூடையோடு அவர் ஓடித் திரும்பியபோது, அடுத்ததைத் தூக்கிவிட இரண்டு பேர் காத்திருந்தார்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன்.

"வாத்தியாரு கழுத்து தாங்குமா?" என்று செல்லம்மைதான் கேட்டாள். நாலு கூடை தாங்கியது.

கம்பங்கூழ் குடித்துவிட்டு மூன்று மணிக்குப் பந்தலுக்குத் திரும்பினோம். கருப்பையா நேரே போய்ச் செம்பைக் கையில் எடுத்தார்.

"ஊரு சேத்துக்கிருச்சே. இனிப் பந்தல் எதுக்கு?" என்று சீண்டினேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "ஏங்க? வெயிலு அடிக்குதுல்ல?"

திருமயம் கோட்டையைப் பார்த்தேன். பாறைமேல் நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். அதைப்பற்றி எழுத எனக்கு வேறொன்றும் இல்லை.

இரவு ரயிலுக்குப் புதுக்கோட்டை ஸ்டேஷனில் காத்திருந்தபோது பிரசங்கத்தை எடுத்துப் படித்தேன். பதினோரு பக்கத்திலும், பாவம் செய்தவன் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லியிருந்தேன். கருப்பையா ஏழு வருஷமாகச் செய்ததெல்லாம் அதில் இருந்தது. செல்லம்மை செய்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. பக்கங்களை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு தபால் கார்டு வாங்கினேன். விரல் நகத்தில் ஊருணிச் சேறு காய்ந்திருந்தது. தம்பியின் விலாசத்தை முதலில் எழுதினேன்.

"மழைக்கு முன் வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும். நான் மேலே ஏறிக்கொள்கிறேன். கீழே நின்று எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. வா."