ஜிப் அத்தை கடையை விட்டு நின்ற கதை

"தம்பி, இதுல மணி எப்பதான்டா அடிக்கும்?"

மாடிப்படியில் என்னை நிறுத்தி, கையிலிருந்த போனை நீட்டி ஜிப் அத்தை கேட்டார். "சீக்கிரம் அத்தை" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடிவிட்டேன்.

அத்தை எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கிறார். கடைத்தெருவின் தையற்கடையில் வாசலோர மிஷின் அவருடையது. புதுத்துணி தைக்க மாட்டார். கிழிந்தது, இறுகியது, தொளதொளத்தது எல்லாம் அவரிடம்தான் வரும். அடம்பிடிக்கிற எந்த ஜிப்பையும் ஓட வைத்துவிடுவார், அதனால் அந்தப் பெயர். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே அளவெடுப்பார். "வயித்த உள்ள இழுக்காதய்யா, வீட்டுக்குப் போனதும் வெளிய வரத்தானே போவுது" என்பார். கடையே சிரிக்கும். கணவர் இல்லை. மகள் நர்சிங் படிக்கிறாள். அத்தைக்கு முழங்கால் வலி. மாடி ஏறி முடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு நானும் இரண்டு நண்பர்களும் இளம் தொழில்முனைவோர் விழா ஒன்றில் கலந்துகொண்டோம். வீட்டிலிருந்தே தைக்கும் பெண்களுக்கு ஒரு செயலி மூலம் தைக்க வேண்டிய துணி வீடு தேடி வரும் என்பது எங்கள் யோசனை. காட்டுவதற்கு ஆள் வேண்டுமே என்று அத்தையை மேடைக்கு அழைத்துப் போனோம். கையில் கொடுத்த போனில் மணி அடித்தது. ஒரு பேன்ட், ஜிப் மாற்ற வேண்டும் என்று திரையில் வந்தது. அத்தை பச்சைப் பொத்தானைத் தொட்டார். அரங்கம் கைதட்டியது. நடுவர் மைக்கை நீட்டியதும், "இனிமே எனக்கு மாடி ஏறி இறங்குற பாடு இல்லைங்க" என்றார். முதல் பரிசு எங்களுக்குத்தான்.

அந்தச் செயலி வெறும் படங்கள். தொட்டால் அடுத்த படம் வரும், அவ்வளவுதான். நடுவர்களுக்கு அது தெரியும், போட்டிக்கு வந்த எல்லோருக்கும் தெரியும். அத்தையிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவரது போனிலும் அந்தப் படங்களை ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம், ஞாபகமாக இருக்கட்டும் என்று.

ஒரு நண்பன் வெளியூர்க் கல்லூரிக்குப் போனான். இன்னொருவன் நுழைவுத் தேர்வில் மூழ்கினான். ராக்கெட் படம் போட்ட எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கடைசியாக வந்தது ஒரு பிறந்தநாள் வாழ்த்து. நான் அடுத்த விழாவுக்கு வேறு யோசனை தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று படியிலிருந்து ஓடி வந்ததை வீட்டில் சொன்னபோது அம்மா முறைத்தார். "அவ கடையை விட்டே நின்னுட்டாளேடா! உங்களை நம்பித்தானே?"

அந்த விழாவுக்குப் பிறகு உண்மையிலேயே ஒரு காரியம் செய்தவர் அத்தை ஒருவர்தான்.

மேலே போய், வீட்டு மிஷினில் தன் ரவிக்கையைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்த அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து வைத்தார்.

"அப்ப அந்த பேன்ட்டு?"

"வெறும் படம் அத்தை."

"கறுப்பு நூல்கூட எடுத்து வெச்சுட்டேனேடா."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருவரும் கடைக்குப் போனோம். வாசலோர மிஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். "இனிமே நானே முதலாளின்னு எல்லாருக்கும் மிட்டாய் குடுத்துட்டுப் போனீங்களேக்கா? இப்ப இவளை எழுப்பி விடவா?" என்றார் கடைக்காரர். அத்தை அந்தப் பெண்ணின் தையலைக் குனிந்து பார்த்தார். "வேணாம்ண்ணே. நேராத்தான் போவுது. இருக்கட்டும்."

திரும்பும் வழியில், வீடு வீடாகப் போய் நானே துணி வாங்கி வருகிறேன் என்றேன்.

"இதுக்கு எந்த மேடைடா?" என்று கேட்டார். பிறகு, "சரி, வாங்கிட்டு வா. வந்தா தைக்கிறேன். ஆனா நான் வேற கடையிலயும் கேட்டு வெச்சிருவேன்."

இப்போது தினமும் போகிறேன். சில கதவுகள் திறக்கின்றன. பை காலியாகத் திரும்பும் நாட்களில் மூன்றாம் மாடி ஏறக் கால் வரவில்லை, இருந்தாலும் ஏறிச் சொல்லிவிடுகிறேன். அத்தை இன்னும் வேறு கடை தேடிக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

இப்படி ஒரு விழாவுக்குப் போகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதை அவருக்கு அனுப்புங்கள். மேடைக்கு யாரையாவது கூட்டிப் போனால், மறுநாள் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.