எட்டாம் நம்பரும் சுசீலா அக்காவும்

சுசீலா அக்கா இன்று காலை போய்விட்டார். தூக்கத்திலேயே... என்று அவருடைய மகள் போனில் சொன்னாள்.

பல மாதமாக வலியோடு கிடந்தவர். உண்மையைச் சொன்னால், கேட்டதும் அழுகை வரவில்லை. அப்பாடா, வலி நின்றதே என்றுதான் தோன்றியது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஏற்காட்டில் ஒரு காபி கம்பெனி ஆபீஸில் அவர் டெலிபோன் ஆபரேட்டர், நான் டெக்னீஷியன். சேலம் ஆபீஸ், ஏற்காடு, வெள்ளக்கடை எஸ்டேட், வாழவந்தி எஸ்டேட்... நான்கையும் ஒரே எக்ஸ்சேஞ்சில் இணைக்க வேண்டும். எந்த இடத்துக்கு எந்த நம்பர் என்று டயல் பிளான் போட உட்கார்ந்தோம்.

சேலத்துக்கு இரண்டில் தொடங்கும் நம்பர்கள், ஏற்காட்டுக்கு மூன்று, அப்படியே நான்கு, ஐந்து. அதில் தகராறே இல்லை. ஒரே இலக்கத்தில் அடிக்கக்கூடிய எட்டாம் நம்பர் யாருக்கு என்பதில்தான் சண்டை.

"முதலாளி பங்களாவுக்குக் குடுத்துருங்க" என்றார் மேனேஜர்.

"டிஸ்பென்சரிக்குத்தானுங்க சார் வேணும். அவசரத்துல மூணு இலக்க நம்பர் யாருக்குங்க ஞாபகம் வரும்?" என்றார் அக்கா.

மேனேஜர் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில், "சரிம்மா, எடுத்துக்க."

அக்கா அதோடு விடவில்லை. "தம்பி, அங்க யாரும் எடுக்கலீன்னா என்ற ஆபரேட்டர் போர்டுக்கே மணியடிக்கிற மாதிரி பண்ணிரு."

காபி பறிக்கும் சமயம்... ஒரு மத்தியானம் அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கும்போது போர்டில் மணி. வாழவந்தியில் யாரோ எட்டு அடித்திருக்கிறார்கள். பக்கத்து டிஸ்பென்சரியில் எடுக்க ஆளில்லை, கம்பவுண்டர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"ஏனுங்க... எம்பொண்டாட்டிய மலைத்தேனீ கொட்டிருச்சுங்க. மொகமெல்லாம் வீங்கி மூச்சு வாங்குதுங்க..."

"பயப்படாத கண்ணு, லைன்லயே இரு" என்ற அக்கா, என்னைப் பார்த்துக் கையை வீசினார். டீக்கடைக்கு ஓடினேன்.

ஊசி மருந்தோடு கம்பவுண்டரை ஜீப்பில் ஏற்றிவிட்டு வந்தால், அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "மூச்சு வருதா சாமி? சாச்சு உக்கார வையி... ஜீப்பு கெளம்பிருச்சு."

ஒருவழியாக அந்தப் பக்கம் ஜீப் சத்தம். ரிசீவரை வைத்துவிட்டார்கள். அக்கா ஹெட்செட்டைக் கழற்றவே இல்லை.

வெகுநேரம் கழித்துக் கம்பவுண்டர் கூப்பிட்டார். "பொழச்சுக்கிச்சுங்க. எந்திரிச்சு உக்காந்து தண்ணி கேக்குது."

அக்கா மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நொம்பப் பசிக்குது தம்பி, வா" என்று ஆறிப்போன எலுமிச்சைச் சோற்றில் பாதியை மூடியில் எடுத்து என் பக்கம் தள்ளினார். இருவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

நாளை காலை அடிவாரத்தில் அடக்கம். முதல் பஸ்ஸில் மலையிறங்கி வந்துவிடுகிறேன், அக்கா.