இரண்டு பெயர்களுக்கு ஒரு பூசை

சவர்க்காரத் தண்ணீரில் ஊறிய கடதாசியின் மணம் மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் ஒரு பழைய இசைத்தட்டுத்தான் ஞாபகம் வரும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால் அம்மா வீட்டுவேலை செய்த, நாங்கள் 'சிஞ்ஞோரா' என்றழைத்த வீட்டுக்கார அம்மையார், இளவயதில் நடன மண்டபங்களில் 'சோல்' என்ற கறுப்பின அமெரிக்கரின் பாட்டுவகையைப் பாடியவர். பெரிய பெயரெல்லாம் எடுக்கவில்லை. அவர் பாடிய முதல் இசைத்தட்டில் ஒரேயொரு பிரதிதான் அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது. சனிக்கிழமைகளில் அம்மாவோடு போகும் நான், அதன் நடுவில் ஒட்டியிருந்த சிவப்புக் கடதாசியில் பாட்டெழுதியவர் பெயரையும் மெட்டமைத்தவர் பெயரையும் எழுத்துக்கூட்டி வாசிப்பேன்: சல்வத்தோரே, நீனோ. இரண்டாவது பெயர் வரும்போது சிஞ்ஞோரா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு நாள் அம்மா, கோப்பை கழுவிய கையோடு அந்த இசைத்தட்டும் 'பளிச்செண்டு' இருக்கட்டுமென்று சுடுதண்ணீரில் போட்டுத் தேய்த்துவிட்டார். கடதாசி கூழாகிப் போனது. சிஞ்ஞோரா கத்தவில்லை, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயர்கள் வேறெங்கும் இல்லையே என்று அழுதார். நாங்கள் இத்தாலியில் இருப்பதற்கான 'பெர்மெஸ்ஸோ' என்ற அனுமதிப் பத்திரம் அவர் தரும் வேலைக் கடிதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வேலையை நிறுத்தினால் நாங்கள் நாட்டை விட்டே போக வேண்டிவரும்.

உயிரோடு இருப்பவருக்காக யாரும் இப்படி அழமாட்டார்கள், அந்த இருவரும் செத்துத்தான் போயிருப்பார்கள் என்பது அம்மாவின் தீர்ப்பு. அது நவம்பர், கத்தோலிக்கர் இறந்தோருக்காகச் செபிக்கும் ஆத்துமாக்களின் மாதம்; நாங்கள் இலங்கையின் மன்னார் ஆட்கள், செய்த பிழைக்குக் கோயில் குருவான சுவாமியிடம் பெயர் கொடுத்துப் பூசை ஒப்புக்கொடுப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வழி.

"பிள்ளை, அந்த ரெண்டு பேரின்ரை பேரையும் வடிவா எழுது, சுவாமியிட்டைக் குடுப்பம்" என்றார் அம்மா.

எழுதினேன். சிஞ்ஞோராவையும் தமிழ்ப் பூசைக்கு அழைத்துப் போனோம். ஒரு சொல்லும் விளங்காமல் இருந்தவர், சுவாமி மரித்தோரின் பெயர்களை வாசித்தபோது அந்த இரண்டுக்கும் நிமிர்ந்தார்.

வெளியே வந்ததும் சிஞ்ஞோரா, சல்வத்தோரே செத்தது சரிதான், நீனோ சாகவில்லை, நகரத்தின் ஓரத்துக் கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் பெண்சாதி பிள்ளைகளோடு இருக்கிறான் என்றார். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"ஐயோ மாதாவே, உயிரோடை இருக்கிற மனிசனுக்கெல்லே செத்த பூசை வைச்சுப்போட்டன்" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தார். வேலை போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன், பயத்தில் எனக்கு அழுகை வந்தது.

சிஞ்ஞோரா அம்மாவின் கையைப் பிடித்தார். "என்னை விட்டுப் போன அன்றே நான் அவனைப் புதைத்திருக்க வேண்டும்" என்றார். பிறகு, "திங்கட்கிழமை வேலைக்கு வா" என்றார்.

இப்போது சிஞ்ஞோரா இல்லை. அந்த வீடு சுற்றுலாக்காரருக்கு விடும் அறைகளாகிவிட்டது. தட்டு எந்தக் குப்பையில் போனதோ. அம்மா நவம்பர் தோறும் சல்வத்தோரேயின் பெயரோடு சிஞ்ஞோராவின் பெயரையும் பூசைக்குக் கொடுக்கிறார். நீனோவின் பெயரை மட்டும் கொடுப்பதில்லை. அவர் செத்துவிட்டாரா, இருக்கிறாரா என்று கேட்டறிய இப்போது ஒருவரும் இல்லை.