கூடையில்லாத முதுகு

போன வாரம் எல்ல டவுனில் அக்கா வீட்டு வாசலில் நின்றபோது அதைப் பார்த்தேன். அக்காவும் அத்தானும் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு அறைகள் வாடகைக்கு விடுகிறார்கள். வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே அழகுக்காக ஒரு வரிசை தேயிலைச் செடி. கடைக்குப் புறப்பட்ட அக்கா, பால்மா வாங்க வேண்டுமா என்று அத்தானிடம் கேட்டபடியே நடந்தாள். வாய் பால்மாவைப் பற்றிப் பேச, வலது கை தன்பாட்டில் ஒரு கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்தது. முதுகில் கூடை இல்லாததால் கொழுந்து தரையில் விழுந்தது. அக்காவுக்கு அது தெரியவே இல்லை. பின்னால் நின்ற அத்தான் கொழுந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய்க்குள்ளேயே சிரித்தார். எனக்குப் பொறி தட்டியது. இத்தனை வருடமாக என் தலையில் கிடந்த பழிக்கு விடை அந்தச் சிரிப்பில் இருந்தது.

என் அக்கா ஓர் உளவாளி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எதிரியின் வீட்டுக்குள் பொய்ப் பெயரில் புகுந்து வேவு பார்த்தவள். துப்பாக்கி வெடித்த யுத்தம் இல்லை அது. ஹாலிஎலப் பக்கம் எங்கள் மாமா தொழிற்சங்கத் தலைவராக இருந்த தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தம். ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடுப்புகள் ஒருவேளை மட்டும் எரிந்த அந்த நாட்களை யுத்தம் என்றுதான் நாங்கள் சொல்வோம். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் மூட்டைகள் கூரை முட்டக் கிடந்தன. அவை லொறியேறிக் கொழும்புக்குப் போய்விட்டால் நிர்வாகம் எங்களைக் காயப்போட்டே பணியவைக்கும். நாள்கணக்கில் ரோட்டை மறித்துக்கொண்டிருக்கப் பொலிஸ் விடாது. லொறி வரும் நாளை முன்கூட்டியே அறிய வேண்டும்.

மூட்டை ஏற்றும் பொறுப்பு, புதிதாக வந்த வெளிக்கள உத்தியோகத்தருடையது. பண்டாரவளையிலிருந்து வந்த, சர்ச்சுக்குப் போகும் வேதக்கார இளைஞர், முழங்கால் வீங்கிய அம்மாவோடு தோட்டம் கொடுத்த குவாட்டஸ் வீட்டில் இருந்தார். அந்த அம்மாவுக்கு உதவிக்கு ஒரு பெண் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் தெமோதரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எங்கள் இருவரையும் மாமா வரவழைத்துவிட்டார். அந்தத் தோட்டத்தில் எங்களை யாருக்கும் தெரியாது. பதுளை டவுனில் தையல்கடையில் நின்ற பெண், தோட்டமே தெரியாது என்று சொல்லி அக்காவை உள்ளே அனுப்பினார். தண்ணீர் பிடிக்கும் பீலியில் அவள் சொல்வதைக் கேட்டு மாமாவுக்குக் கொண்டுபோவது என் வேலை. எனக்கு அத்தனை சந்தோஷம்!

முதல் நாள் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு நானும் குவாட்டஸ் வரை போனேன். வாசலில் நின்ற அவரிடம் ஏதோ ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். அதுதான் பிறகு வினையாயிற்று.

பீலியில் அக்கா கொண்டுவந்த உளவுச் செய்திகளைக் கேட்டால் எந்தப் படையும் அவளை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். ஐயா குடித்த கோப்பையை அவரே கழுவி வைக்கிறார். ஐயா அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார். ஐயா தன்னை வாங்க, போங்க என்றுதான் பேசுகிறார். லொறி என்னாச்சு என்று கேட்டால் அக்கா குடத்தைத் திரும்பவும் கழுவத் தொடங்குவாள். ஆள் அவுட் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மாமாவிடம் மட்டும், இன்னும் ஒன்றும் தெரியவில்லையாம் என்று சொல்லி வைத்தேன்.

பிறகு ஒரு பின்னேரம் முகமெல்லாம் வெளுத்துப்போய் வந்தாள். மறுநாள் விடிய லொறி வருகிறது என்று அவர் அம்மாவிடம் சொன்னாராம், அவள் காதில் விழும்படி. தோட்ட நிர்வாகியான துரைக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. வெளியே போனால் அவருக்கு வேலை போய்விடும். போகாவிட்டால் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிறு காயும். அடுப்படியில் நின்று அழுதிருக்கிறாள். கடைசியில் நேரே அவர் முன்னால் போய், “ஐயா, நீங்க சொன்னதை நான் எங்காளுங்ககிட்ட சொல்லப் போறேன்” என்றிருக்கிறாள்.

“அதுக்குத்தான் சொன்னேன். நீங்க யாருன்னு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். போங்க, நேரமாகுது” என்றாராம் அவர்.

விடிந்தபோது ரோடு முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். குளிரில் பல் கிட்டிப்போனாலும் ஒருத்தியும் எழும்பவில்லை. லொறி வந்தது, நின்றது, ஹோர்ன் அடித்துப் பார்த்தது, வந்த வழியே பின்வாங்கியது. அன்று நாங்கள் போட்ட கூச்சல் ஹாலிஎல ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். அதே வாரம் நிர்வாகம் பேச்சுக்கு வந்தது, சம்பளமும் கூடியது.

துரை கேட்டபோது, நான்தான் சொன்னேன் என்று அவர் ஒத்துக்கொண்டார். அக்காவின் பேச்சையே எடுக்கவில்லை. வேலை போனது. குவாட்டஸைக் காலி செய்த அன்றே அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு மாமாவின் லயத்துக்கு வந்து பெண் கேட்டார். “வேவு பாக்க அனுப்பின பிள்ளையை எதிரிக்கே கட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?” என்று மாமா குதித்தார். ஆனால் குதித்த அதே மாமாதான் கல்யாணப் பந்தலுக்கு வாழைமரம் கட்டினார்.

அக்காவுக்கு மட்டும் ஒரு குறை. தன்னை அவர் முதல் நாளே கண்டுபிடித்ததற்கு என் ஓட்டை வாய்தான் காரணம் என்று நம்பிவிட்டாள். நான் சத்தியம் செய்தும் எடுபடவில்லை. அத்தானைக் கேட்டால் சிரித்து மழுப்புவார். ஒவ்வொரு பெருநாளுக்கும் சாப்பாட்டு மேசையில் என் மானம் போகும்.

போன வாரம் அக்கா கடைக்கு ரோட்டில் இறங்கி மறைந்ததும் நான் விடவில்லை. அக்காவைக் காட்டிக்கொடுத்தது அந்தக் கொழுந்துதானே என்று கேட்டேன். அத்தான் குனிந்து அதை எடுத்தார்.

“வந்த அன்னைக்கே பீலியிலேருந்து தண்ணி எடுத்துக்கிட்டு வந்தா. இடுப்புல குடம், முதுகுல ஒண்ணுமில்ல. ஸ்ட்ரைக்கால கொழுந்து முத்திக் கிடந்துச்சு, அவ கை பொறுக்கல. கிள்ளிப் பின்னால எறிஞ்சுக்கிட்டே வந்தா, தோட்டமே தெரியாத பிள்ளை!”

“அவகிட்ட சொல்லியிருக்கலாம்தானே? நான்தானே திட்டு வாங்குறேன்.”

“சொன்னா அந்தக் கையை அடக்கிக்குவா. பிறகு நான் எதைப் பாத்துக்கிட்டு இருக்கிறது?”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கண்தான் கலங்கியது.

அக்கா பால்மாவோடு திரும்பினாள். எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்ததும் பழைய வழக்கை எடுத்துவிட்டாள்.

“இப்பவாவது உண்மையைச் சொல்லு. நீதானே இவர்கிட்ட உளறினே?”

கேட்டுக்கொண்டே செடி வரிசையைத் தாண்டினாள். கை நீண்டது, கிள்ளியது, ஒரு கொழுந்து தோளுக்கு மேலாகப் பறந்தது.

“ஆமாக்கா, நான்தான்” என்றேன்.